பெரியவர்களுக்கான பாவைக்கூத்து: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற மாதம் யாழ்ப்பாண நகரிலுள்ள சிறிய மண்டபமொன்றில் மூன்று இரவுகள் தொடர்ந்து ஒரு பாவை நாடகம் நடைபெற்றது. ஐம்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிற நாடகம். மேசை ஒன்று, அதன்மேல் இரண்டரை அடி உயரமான மூதாட்டிப் பாவை, அதனை ஆட்டும் இளைஞர் மூவர். வசனம் மிகக் குறைவு. மகன் வீடு திரும்பாத ஒரு தாயின் ஒரு நாட்பொழுதுதான் கதை. அதைப் பற்றிக் கடந்த இதழில் நான் எழுதிய சிறு குறிப்புக்கு, இப்பகுதிக்கு வழக்கமாக வருவதைவிட அதிகமான கடிதங்கள் வந்து சேர்ந்தன. ஆகவே இம்முறை மற்றக் கேள்விகளைத் தள்ளிவைத்து, அந்த நாடகத்தைச் சுற்றி எழுந்தவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கொக்குவிலிலிருந்து ஓர் ஆசிரியை: ‘வளர்ந்தோருக்கு மட்டும்’ என்று சுவரொட்டியில் போட்டிருந்தது. பொம்மலாட்டத்தில் அப்படி என்ன இருக்கப்போகிறது என்று என் ஆறு வயதுப் பேரனையும் கூட்டிக்கொண்டு போனேன். கிழவியின் தலையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வேறொரு தலையைப் பூட்டியபோது அவன் வீரிட்டு அழுது, வெளியே தூக்கிவர வேண்டியதாயிற்று. பிள்ளைகளுக்கு உரிய கலையைப் பெரியவர்கள் ஏன் பறித்துக்கொள்ள வேண்டும்?

அந்த இடத்தில் பெரியவர்கள் சிலரும் நாற்காலியில் நெளிந்ததைக் கண்டேன். உங்கள் பேரனைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அவனைக் கந்தசஷ்டியின் ஆறாம் நாள் கோயில் வீதிக்குக் கூட்டிப்போய்த் தோளில் இருத்தியிருப்பீர்கள் அல்லவா? அங்கே சூரனுக்கு ஆனைமுகத்தைக் கழற்றிச் சிங்கமுகத்தைப் பூட்டுகிறார்கள். காவுகிறவர்களின் தோளில் அந்த மரச்சூரன் முன்னே பாய்ந்து, பின்வாங்கி, உடலைக் குலுக்கி முருகனை எதிர்க்கிறான். கடைசியில் மாமரமாகிறான், சேவலாகிறான். வீதி நிறைந்த பெரியவர்கள் அரோகரா என்று கூவிப் பார்க்கிற அந்தச் சூரனை, என் கணக்கில், யாழ்ப்பாணத்தின் மிகப் பெரிய பாவை என்பேன். அதைப் பொம்மை என்றோ பிள்ளைகளுக்கானது என்றோ யாரும் சொல்வதில்லை. தலை மாற்றுவது இரண்டு இடத்திலும் ஒன்றுதான். கோயிலில் பறையும் மேளமும் சனத்தின் இரைச்சலும் குழந்தையைத் தாங்கிக்கொள்கின்றன. மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. பேரனைப் பயமுறுத்தியது அந்த அமைதி என்றே நினைக்கிறேன்.

பாவை பிள்ளைகளுக்கு உரியது என்ற எண்ணம் பழையதும் அல்ல. மனத்தில் நாணம் இல்லாதவர் நடமாடுவது, மரப்பாவையைக் கயிற்றால் ஆட்டி உயிருள்ளதுபோல மயக்குவதற்கு ஒப்பு என்கிறது 1020 ஆம் குறள். வெட்கத்துக்கும் கயிற்றுக்கும் நாண் என்ற ஒரே சொல் இருப்பதை வைத்து ஆடுகிற அந்த உவமை, மரம் கண்முன்னே உயிர்கொள்வதைப் பார்த்து ஒரு கணம் ஏமாந்துபோன பெரியவர்களுக்கே உறைக்கும்.

கேரளத்தின் பாலக்காட்டுப் பக்கத்தில், பத்திரகாளி கோயில்களை அடுத்துள்ள கூத்துமாடங்களில் நடக்கும் தோற்பாவைக்கூத்து இன்னொரு படி மேலே போகிறது. இருபத்தொரு விளக்குகளின் ஒளியில், கம்பராமாயணப் பாடல்களைப் பாடிப் பல இரவுகள் தொடர்ந்து ஆடுகிறார்கள். எதிரே பார்வையாளர் ஒருவரும் இல்லாத இரவுகள் உண்டு. அதனால் கூத்து நிற்பதில்லை. தாருகன் என்ற அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் இராம இராவண யுத்தத்தைப் பார்க்கக் கிடைக்காத காளிக்காகவே அந்தக் கூத்து ஆடப்படுகிறது என்பது நம்பிக்கை. அங்கே பார்வையாளர் தெய்வம்.

யப்பானில் 1703 இல், ஒசாக்கா நகரத்துக் கடைச்சிப்பந்தி ஒருவனும் பரத்தை ஒருத்தியும் சேர்ந்து உயிர்விட்ட உண்மைச் சம்பவத்தை, அது நடந்து ஏறத்தாழ ஒரு மாதத்துக்குள்ளேயே சிக்கமத்சு மொன்சாயெமொன் பாவை நாடகமாக எழுதி மேடையேற்றினார். கடனும் மானமும் காதலும் ஒரு மனிதனை எப்படி நெருக்குகின்றன என்பதை வணிகர்களும் அவர்களுடைய சிப்பந்திகளும் வந்து பார்த்தார்கள். அதைத் தொடர்ந்து இவ்வகை நாடகங்கள் பெருகி, அவற்றைப் பார்த்துச் சோடியாக உயிர்விடுவோரும் பெருகினர் என்று அஞ்சிய அரசு, பின்னாளில் அவற்றைத் தடைசெய்தது. பிள்ளை விளையாட்டை எந்த அரசும் தடைசெய்வதில்லை. செக் நாட்டின் புகழ்பெற்ற பாவைக்கலைஞர் யோசெப் ஸ்கூப்பாவை 1944 இல் நாட்சிகள் சிறைப்பிடித்ததையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

ஒன்றில் மட்டும் உங்களோடு உடன்படுகிறேன். ‘வளர்ந்தோருக்கு மட்டும்’ என்ற சொற்றொடர் நம்மூரில் சினிமாக் கொட்டகை வாசலைத்தான் நினைவூட்டும். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோர்க்கு என்று நேராகவே போட்டிருக்கலாம்.

சாவகச்சேரி வாசகர்: கறுப்புடை அணிந்த மூன்று பேர் பாவையைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். முகத்தைக்கூட மூடவில்லை. திரைக்குப் பின்னால் நின்று ஆட்டியிருந்தால் பாவை உயிருள்ளதுபோலத் தெரிந்திருக்கும். இதைத்தான் பரிசோதனை நாடகம் என்கிறீர்களா?

நீங்கள் கூத்துப் பார்த்து வளர்ந்தவராகத் தெரிகிறீர்கள். கடிதத்தின் பின்பகுதியில் காத்தவராயன் கூத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். கூத்தில் அண்ணாவியார் எங்கே நிற்கிறார்? களரியிலேயே, எல்லோர் கண்ணிலும் படும்படி நிற்கிறார். மத்தளம் அடிக்கிறார், வரியை எடுத்துக் கொடுக்கிறார், பிழைவிட்ட நடிகனை முறைக்கவும் செய்கிறார். அவரால் கதைநாயகி ஆரியமாலைக்கு உயிர் குறைந்துவிட்டதாக ஒருவரும் முறையிட்டதில்லை. கண்ணுக்கு எதை எடுத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்று நாம் சின்ன வயதிலேயே பழகிவிட்டோம். பாவை நாடகத்தில் அந்தப் பழக்கம் புதிதாகக் கேட்கப்படுகிறது, அவ்வளவே.

யப்பானியப் புன்ராக்கு மரபில் ஒரு பாவைக்கு மூவர். தலைமை ஆட்டுநர் தலையையும் வலக்கையையும் இயக்குகிறார், இரண்டாமவர் இடக்கையை, மூன்றாமவர் குனிந்தபடியே கால்களை. இந்த ஒழுங்கு 1734 இலிருந்து இருக்கிறது. உதவியாளர் இருவரும் கறுப்பு முக்காடு இட்டிருப்பார்கள், தலைமை ஆட்டுநரோ முக்கியமான காட்சிகளில் திறந்த முகத்தோடு நிற்பார். காலுக்குப் பத்து ஆண்டு, இடக்கைக்குப் பத்து ஆண்டு என்று பழகிய பின்பே தலை கைக்கு வரும் என்பது அங்கே வழக்கு. ஒரு பக்கத்தில் கதை சொல்லும் பாடகர், அவரோடு சமிசென் என்ற மூன்று நரம்பு யாழ். பாடகர் வேறு, உடல் வேறு, உடலை அசைப்பவர் வேறு என்று எல்லாம் கண்முன்னே பிரிந்து கிடக்க, அவற்றைச் சேர்த்து ஒரு மனுசியாக்கும் வேலையைப் பார்வையாளர் செய்கிறார். திரை போட்டு மறைத்தால் அந்த வேலை நமக்கு இல்லை. கெட்டித்தனமான விளையாட்டுப் பொருளைப் பார்ப்பதுபோல, எப்படி ஆட்டுகிறார்கள் என்று வியந்துவிட்டு வந்துவிடுவோம்.

நீங்கள் போனது முதலாம் இரவு. இரண்டாம் இரவு நடந்ததைச் சொல்கிறேன். கிழவி திருவலையில் இருந்து தேங்காய் திருவுகிறாள். தூரத்தில் நாய் குரைக்கிறது. வலக்கை நிற்கிறது, தலை மெல்ல நிமிர்கிறது, பாதித் தேங்காய் இடக்கையிலேயே இருக்கிறது. படலை திறக்கிறதா என்று கேட்கிற கழுத்து அது. அந்த வேளையில் பாவையின் சேலைக் கரை திருவலைப் பல்லில் மாட்டிக்கொண்டது. தலைமை ஆட்டுநர் இழுத்துப் பார்த்தார், வரவில்லை. மண்டபம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவர் பதறாமல், பாவையின் தலையைத் திருப்பித் தம் முகத்தையே பார்க்கவைத்தார். கிழவி அவரைப் பார்த்தாள். பிறகு மாட்டுப்பட்ட சேலையைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள். இடக்கையை ஆட்டிக்கொண்டிருந்த பெண்பிள்ளை தம் சொந்தக் கையை நீட்டிச் சேலையை விடுவித்தார். கிழவி ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மறுபடி நாயின் பக்கம் திரும்பினாள். சனம் சிரித்தது, சிரித்தவர்களில் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். ஆட்டுபவர் திரைக்குப் பின்னால் இருந்திருந்தால் அது வெறும் தவறாகப் போயிருக்கும். மூன்று இரவுகளிலும் நான் பார்த்தவற்றுள் அதுவே ஆகச் சிறந்த இடம், ஒத்திகையில் வந்ததல்ல என்றாலும்.

‘பரிசோதனை’ என்ற சொல்லைப் பற்றி: முகத்தை மூடாமல் நிற்பதைப் பரிசோதனை என்று நான் சொல்லமாட்டேன், அது முந்நூறு வருடத்துக்குக் கிட்டிய பழசு. இந்தக் குழு புதிதாகச் செய்தது, பாவைக்கும் ஆட்டுபவருக்கும் இடையிலுள்ள உறவையே கதையின் ஒரு பகுதி ஆக்கியது. கிழவி களைத்துப்போனால் ஆட்டுபவரின் தோளில் சாய்கிறாள். அவர்கள் அவளுக்கு யார்? பிள்ளைகளா, அயலவரா, நினைவா? நாடகம் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் விட்டது எனக்குப் பிடித்திருந்தது.

நல்லூர் வாசகி: ஒரு பாவைக்கு மூன்று பேர் என்பது ஆள்விரயம் இல்லையா? ஒருவரால் ஆட்ட முடியாதா?

முடியும். தஞ்சாவூர்ப் பகுதிப் பொம்மலாட்டத்தில் ஒருவரே ஆட்டுகிறார். பாவையின் கயிறுகளைக் கட்டிய வளையத்தைத் தலையில் முடிபோல அணிந்துகொண்டு, கைகளைக் கோல்களால் இயக்குகிறார். அவற்றுள் பெரியவை நாலரை அடி உயரமும் பத்துக் கிலோ நிறையும் இருக்கும். அந்தப் பாவை ஆடவும் அமரவும் போரிடவும் வல்லது. தேங்காய் திருவுவதை இடையில் நிறுத்திவிட்டுச் செவிகொடுப்பது அதற்குக் கடினம். என்ன செய்யவைக்கப் போகிறோம் என்பதைப் பொறுத்து ஆள்தொகை.

பருத்தித்துறையிலிருந்து ஓர் இளைஞர்: நாங்கள் நண்பர்கள் ஐந்து பேர். நாடகத்தைப் பார்த்த நாளிலிருந்து நாமும் ஒரு பாவை செய்து ஆட்டவேண்டும் என்ற எண்ணம். கையில் பணம் இல்லை. எங்கிருந்து தொடங்குவது? முகத்தை எப்படிச் செதுக்குவது?

முகத்திலிருந்து தொடங்காதீர்கள். முதலில் கடையில் சுற்றித்தரும் பழுப்புத்தாளில் ஒரு பாகம் நீளத்துக்கு வாங்குங்கள். கசக்கி மெதுவாக்கி, ஒரு முனையை உருட்டித் தலை, நடுவில் முறுக்கி இடுப்பு, கிழித்து முறுக்கிக் கை, கால். முகமும் இல்லை, உடையும் இல்லை. மூவர் அதைப் பிடித்து ஒரு வாரம் மேசையில் பழகுங்கள்: எழும்பவும், இருக்கவும், ஒரு குவளையைப் பார்க்கவும், பார்த்துவிட்டு வேண்டாமென்று திரும்பவும். வீட்டில் யாரையாவது கூப்பிட்டு எதிரே இருத்துங்கள். அந்தத் தாள் மூச்சுவிடுவதாக அவர்களுக்குத் தோன்றிய பிறகு மரத்தைத் தொடலாம்.

மூச்சுத்தான் எல்லாம். ஒவ்வோர் அசைவுக்கும் முன்னால் பாவையின் நெஞ்சு அரை விரற்கடை உயரவேண்டும். அசைவு முடியும்போது தாழவேண்டும். இதை மூவரும் ஒரே நேரத்தில் செய்யவேண்டுமானால் மூவரும் ஒன்றாக மூச்சுவிட வேண்டும், வேறு வழியில்லை. 1981 இல் தென்னாபிரிக்காவில் தொடங்கிய ஹான்ட்ஸ்பிரிங் பாவைக்குழு, 2007 இல் இலண்டன் தேசிய அரங்குக்காக ‘வார் ஹோர்ஸ்’ நாடகத்தின் குதிரையைப் பிரம்பால் சட்டமிட்டுச் செய்தது. தலைக்கு ஒருவர், முன்னுடலுக்குள் ஒருவர், பின்னுடலுக்குள் ஒருவர். முன்னுடலில் நிற்பவர் தம் முழங்காலை மடித்து நிமிர்த்தும்போது குதிரையின் விலா ஏறி இறங்குகிறது. குதிரை ஒன்றும் செய்யாமல் நிற்கிற நேரத்திலும் செவி திரும்பிக்கொண்டே இருக்கும். பிரம்புக்கு இடையில் மனிதக் கால்கள் வெளிப்படையாகத் தெரிந்தும் பார்ப்போருக்கு அது குதிரையாகவே இருப்பதற்கு அந்த விலாவும் செவியுமே காரணம்.

அடுத்தது பார்வை. ஆட்டுபவர் மூவரும் பாவையின் பிடரியைப் பார்த்தபடி இருந்தால் சனமும் பாவையைப் பார்க்கும். ஒருவர் சனத்தைப் பார்த்தாரோ, எல்லாக் கண்களும் அவருக்குப் போய்விடும். மூன்றாவது தரை. கால் மேசைக்கு மேலே ஒரு நூல் மிதந்தாலும் பாவை பேயாகிவிடும். பாதத்துக்குள் சிறிது மணல் தைத்துவிட்டால் அது தானாகவே தரையைத் தேடும்.

இனி மரம். பணம் வேண்டாத மரம் உங்கள் வேலியிலேயே நிற்கிறது. கதியாலாகவும் கலியாண வீட்டில் கன்னிக்காலாகவும் நாம் அறிந்த முள்முருக்குத்தான். பாரமில்லாத, கத்திக்கு இசைகிற மரம். பச்சையாகச் செதுக்கினால் வெடிக்கும். நிழலில் சில கிழமைகள் உலரவிடுங்கள். செதுக்கத் தெரியாவிட்டால் களிமண்ணில் தலையைப் பிடித்து, மேலே பழைய பத்திரிகைத் துண்டுகளைக் கோதுமைமாப் பசையில் ஆறேழு அடுக்கு ஒட்டி, காய்ந்ததும் இரண்டாக வெட்டி மண்ணை எடுத்துவிட்டு மறுபடி ஒட்டுங்கள். உள்ளே வெறுமையாய் இருப்பதால் நிறை குறையும், கைபிடியைப் பூட்டவும் இடமிருக்கும்.

முகத்தைச் சிரிக்கவோ அழவோ வைத்துவிடாதீர்கள். அழுகிற முகம் ஐம்பது நிமிடமும் அழுதுகொண்டே இருக்கும். வாயை மூடி, புருவத்தை நேராக விட்டு, கண்குழியைச் சற்று ஆழமாக்கிவிட்டால், தலை தாழும்போது நிழல் விழுந்து துயரமாகும், நிமிரும்போது வெளிச்சம் பட்டு எதிர்பார்ப்பாகும். பளபளக்கும் வர்ணம் கூடாது, விளக்கொளியில் மினுங்கி முகத்தை அழித்துவிடும். சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் போதும். கைகளை உடலின் அளவுக்குச் சற்றுப் பெரிதாகவே வையுங்கள், கடைசி வரிசையில் இருப்பவர் முகத்தைவிடக் கையைத்தான் வாசிக்கிறார். மூட்டுகளுக்குத் துணிப்பட்டியோ தோற்பட்டியோ நல்லது. கம்பி கிறீச்சிடும், அமைதியான காட்சியில் அந்தச் சத்தம் கொலை. முழங்கால் பின்புறமாக மடியாதிருக்கத் தங்கூசியால் ஒரு கட்டுப் போடுங்கள்.

கடைசியாக, செய்து முடித்த பாவையைக் கையை நீட்டிப் பத்து நிமிடம் பிடித்துப் பாருங்கள். கை நடுங்கினால் பாவை பாரம். எங்கே சுரண்டலாம் என்று பாருங்கள். உங்களுக்கு அயலூரான வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலுக்கு ஏற்றும் பட்டங்களைக் கட்டுகிறவர்களிடம் ஒரு மாலை போயிருந்தால் இதை என்னைவிட நன்றாகச் சொல்லித்தருவார்கள். மூங்கிலைச் சீவி எடையை ஒப்பிடுவதும், முச்சை கட்டும்போது எங்கே பிடித்தால் முழு உடலும் இசையும் என்று தேடுவதும் பாவைக்காரனின் வேலையேதான்.

காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் தாய், வலிகாமம்: பெயர் போட வேண்டாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை கூட்டிக்கொண்டு போனதால் போனேன். என் வாழ்க்கையை மரக்கட்டையில் செய்து ஆட்டிக் காட்டுகிறார்கள். நாங்கள் பிளாஸ்டிக் பையில் படத்தையும் கடிதங்களையும் போட்டுக்கொண்டு கந்தோர் கந்தோராக ஏறி இறங்கியது இவர்களுக்கு விளையாட்டாகப் போய்விட்டதா?

அம்மா, உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். நாடகம் நல்லது என்று உங்களை ஏற்கவைக்க நான் முயலப்போவதில்லை. அதைத் தீர்மானிக்க என்னைவிட உங்களுக்கே உரிமை அதிகம். ஆயினும் அந்தப் பிள்ளைகள் ஏன் மரத்தைத் தேர்ந்தார்கள் என்று நான் விளங்கிக்கொண்டதை எழுதுகிறேன்.

இதே கேள்வி தென்னாபிரிக்காவில் எழுந்தது. நிறவெறி ஆட்சி முடிந்தபின் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 1996 இல் பகிரங்க விசாரணைகளைத் தொடங்கியது. தாய்மாரும் மனைவிமாரும் வந்து சாட்சியம் சொன்னார்கள். அதை வைத்து நாடகம் செய்ய முனைந்தபோது, ஜேன் டெய்லர் எழுத, வில்லியம் கென்ட்ரிஜ் நெறிப்படுத்த, முன்னர் சொன்ன ஹான்ட்ஸ்பிரிங் குழு 1997 இல் மேடையேற்றிய ‘ஊபுவும் உண்மை ஆணைக்குழுவும்’ என்ற நாடகத்தில், கொடுமை செய்தவனான ஊபுவையும் அவன் மனைவியையும் நடிகர்கள் நடித்தார்கள். சாட்சி சொன்ன தாய்மாரை யாரும் நடிக்கவில்லை. அவர்களுக்காக மரத்தில் செதுக்கிய பாவைகள் வந்தன. மகனை இழந்த தாயின் கண்ணீரை ஒரு நடிகை தன் கண்ணில் வரவழைத்துக் காட்டினால், நாம் நடிகையின் திறமையைப் பாராட்டத் தொடங்கிவிடுவோம், அல்லது அந்தத் தாயே அங்கு நிற்பதாக ஏமாறுவோம். பாவை அந்தப் பொய்யைச் சொல்வதில்லை. ‘நான் அவளல்ல, அவளுடைய சொல்லை இங்கே வைத்திருக்கிறேன்’ என்று அதன் மரமுகமே அறிவித்துவிடுகிறது. அருகில் நிற்கும் ஆட்டுநர்கள் அதைத் தாங்கிப் பிடித்து, அதன் பக்கமே முகம் திருப்பி, அது சொல்வதைக் கேட்கிறார்கள். பாவை தன் தாய்மொழியில் பேச, கண்ணாடிக் கூண்டுக்குள் நிற்கும் மொழிபெயர்ப்பாளர் அதனை ஆங்கிலத்தில் சொல்கிறார். தமிழில் சொன்ன துயரம் இன்னொரு மொழிக்குப் போகையில் எவ்வளவு சுருங்கிவிடுகிறது என்பதை ஆணைக்குழுக்களின் முன்னே இருந்து பார்த்த உங்களுக்கு, அந்தக் கூண்டு எதைச் சொல்கிறது என்று நான் விளக்கத் தேவையில்லை.

நம் அரங்கிலும் இக்கேள்விக்கு வேறொரு விடை இருந்தது. குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்தி 1985 இல் யாழ்ப்பாணத்தில் மேடையேறிய ‘மண் சுமந்த மேனியர்’ நடிகரின் உடலையே நம்பியது. மேடையிலும் எதிரிலும் இருந்தவர்கள் ஒரே துயரத்துக்குள் இருந்தார்கள். யார் யாரை நடிக்கிறார் என்ற கூச்சத்துக்கு இடமிருக்கவில்லை. இன்று அந்த மேசையைச் சுற்றி நின்ற மூவருக்கும் வயது இருபதைச் சற்றே தாண்டியிருக்கும். உங்கள் அலைச்சலை அவர்கள் பட்டதில்லை. பட்டதாக நடிக்கத் துணியாமல் ஒரு பாவையைத் தாங்கி நின்றதை நான் அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். கிழவி பையிலிருந்து எடுத்த சட்டகத்துக்குள் படம் இல்லை என்பதையும் நீங்கள் கண்டிருப்பீர்கள். வேறொருவரின் பிள்ளையின் முகத்தை அதற்குள் வைக்க அவர்கள் துணியவில்லை.

குறை இல்லாமல் இல்லை. அந்தச் சட்டகக் காட்சியில் ஒலிபெருக்கியில் விட்ட புல்லாங்குழல் தேவையற்றது. அதுவரை நம்மிடமே விட்டிருந்த துயரத்தை அது சினிமாவைப்போல நமக்காக அழுது தீர்த்துவிட்டது. உங்களுக்கு விளையாட்டாகத் தோன்றிய இடம் அதுவானால், தவறு அவர்களுடையது. இன்னொன்று, மண்டபத்துக்குக் கொண்டுவருமுன் உங்களைப் போன்ற நாலைந்து பேரை ஒத்திகைக்கு அழைத்து, இதை ஆடலாமா என்று கேட்டிருக்கவேண்டும். உங்கள் கடிதத்தைப் பெயரில்லாமல் அவர்களுக்குக் காட்டலாமா என்று தெரிவியுங்கள். நீங்கள் ஆம் என்றால் மட்டுமே காட்டுவேன்.

மானிப்பாயிலிருந்து ஓய்வுபெற்ற அலுவலர்: யப்பானையும் ஆபிரிக்காவையும் பார்த்துச் செய்வதைவிட நம் சொந்தக் கலையைப் பேணலாமே? பாவைக்கூத்து இந்நாட்டில் தெற்கத்தியருடையது அல்லவா?

அம்பலாங்கொடை, பலப்பிட்டிய, மிரிச ஆகிய கரையோர ஊர்களில் கம்வாரி குடும்ப மரபினர் ஆடிவரும் கயிற்றுப்பாவை நாட்டியமான ‘ரூக்கட’வை யுனெஸ்கோ 2018 இல் மானுடத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அது அவர்களுடையதுதான். ஆனால் அந்தப் பாவைகள் பழைய நாட்களில் பாடி ஆடிய பாணி எது என்று பாருங்கள்: ‘நாடகம’ என்ற பாட்டு நாடகம். அந்தச் சிங்கள நாடகம, கத்தோலிக்கர் வழியாகத் தமிழ்க் கூத்திலிருந்து பிறந்தது. நம் பாட்டும் ஆட்டமும் கரையோரமாகத் தெற்கே இறங்கி, ஆட்களிடமிருந்து பாவைகளுக்கும் போயிருக்கின்றன. பிறகு சிங்கள நாடகாசிரியர் சரச்சந்திர 1956 இல் அதே நாடகமவிலிருந்து ‘மனமே’ நாடகத்தை ஆக்கினார். அதைக் கண்ட உந்துதலில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவற்றைத் தந்து தமிழ்க் கூத்துக்கு மறுவாழ்வு கொடுத்தார். இந்தப் போக்குவரத்தில் சுங்கச்சாவடி எங்கே போடுவது? அந்த இளைஞர்கள் ஒசாக்காவைப் பார்த்த கண்ணால் அம்பலாங்கொடையையும் ஒருமுறை போய்ப் பார்த்திருக்கலாம் என்பது மட்டும் என் குறை. பஸ் ஏறினால் ஒரு நாட்பயணம்.

சுன்னாகம் வாசகர்: முடிவில் கைதட்டக்கூட விடாமல், பாவையை மேசையில் கிடத்திவிட்டு வாசலில் நின்று பனங்கட்டியும் வெறுந்தேத்தண்ணியும் கொடுத்தார்களே, அது என்ன சடங்கு?

சடங்கு இரவல்தான். பீற்றர் ஷூமான் 1963 இல் நியூயோர்க்கில் தொடங்கிய ‘பிரெட் அன்ட் பப்பற்’ குழு, ஆளுயரத்துக்கு மேலான பாவைகளைத் தூக்கிக்கொண்டு வியட்நாம் போருக்கு எதிரான ஊர்வலங்களில் நடந்தது. ஆட்டம் முடிந்ததும் ஷூமான் தம் கையால் சுட்ட புளித்தமா றொட்டியைப் பார்வையாளருக்குப் பிட்டுக் கொடுப்பார். பசிக்கு றொட்டிபோலவே நாடகமும் என்பது அவருடைய கொள்கை. நம்மவர்கள் றொட்டியை விட்டுப் பனங்கட்டிக் குட்டானைப் பிடித்தது எனக்கு மகிழ்ச்சி.

ஆனால் தேநீர் வாசலில் இருந்தது பிழை. வரிசையில் நின்றதும் பக்கத்து ஆளோடு கதை தொடங்கிவிட்டது. உள்ளே கிடத்திய பாவையை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. தட்டத்தை மேசைக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தால், தேநீரை எடுக்கக் குனிகிற ஒவ்வொருவரும் அந்த முள்முருக்கு முகத்தை ஒரு முழத்தூரத்தில் கண்டிருப்பார்கள். மூன்றாம் இரவு நான் உள்ளே போய்ப் பார்த்தேன். இடது கையில் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது.